மூன்று சீட்டு, மூன்று எண்: சுகர் இருக்கிறதா, இல்லையா?

சித்திரை வெயிலில் திருமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார் சித்தி. கையில் மஞ்சள் பை, பைக்குள் மூன்று லேப் சீட்டு. முதல் சீட்டில் வெறும் வயிற்றில் எடுத்த சுகர் 112. இரண்டாவது சீட்டில் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து எடுத்தது, 168. மூன்றாவது சீட்டில் ‘மூணு மாச சுகர்’ 6.8. முதல் சீட்டைப் பார்த்த ஒருவர், “பார்டர்லதான் இருக்கு, பயப்படாதீங்க” என்று அனுப்பியிருக்கிறார். மூன்றாவதைப் பார்த்த இன்னொருவர், “சுகர் வந்தாச்சு, மாத்திரை ஆரம்பிச்சிடலாம்” என்றிருக்கிறார். சாப்பிட்டு 168 என்றால் அது ஒன்றுமே இல்லை என்று பக்கத்து வீட்டு அக்கா அடித்துச் சொல்லியிருக்கிறார்.

“இதுல எதைப்பா நம்புறது?” என்றார் சித்தி.

மூன்று எண்ணும் சரியாக அளந்தவைதாம். ஆனால் மூன்றும் வேறு வேறு கேள்விக்குச் சொன்ன பதில்கள். எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் என்று யாரும் சித்திக்குச் சொல்லவில்லை. நம் வீடுகளில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாகக் கணக்கிட்டது. அந்த முந்தைய நிலையைத்தான் நம் ஊரில் ‘பார்டர்’ என்கிறோம். இத்தனை கோடிப் பேரை எந்தப் பக்கம் நிறுத்துவது என்பதை நாலைந்து எண்கள் முடிவு செய்கின்றன. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் மற்றது எளிதாகப் புரியும்.

ரத்தத்தில் சர்க்கரை எல்லோருக்கும் உண்டு. ஒருவருக்கு 85, ஒருவருக்கு 98, இன்னொருவருக்கு 117 என்று படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். இதுவரை ஆரோக்கியம், இதற்கு மேல் நோய் என்று இயற்கை எங்கும் வரப்பு வெட்டி வைக்கவில்லை. அப்படியானால் கோட்டை எங்கே போடுவது? மருத்துவ உலகம் இதற்குக் கண்ணைத் துணைக்கு அழைத்தது. கண்ணின் உள்ளே விழித்திரையில் ஓடும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சர்க்கரையால் கெட்டுப்போகும். அந்தச் சேதத்தை வெளியிலிருந்தே மருத்துவர் பார்த்துவிடலாம். அமெரிக்காவின் பீமா பழங்குடி மக்களிடமும் எகிப்திலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கானோரின் சர்க்கரையையும் விழித்திரையையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஓர் அளவுக்குக் கீழே இந்தச் சேதம் அரிதாகவே இருந்தது. அந்த அளவைத் தாண்டியதும் சடசடவென ஏறியது. அந்த ஏற்றம் தொடங்கும் இடத்தை ஒட்டித்தான் கோடு விழுந்தது.

மதுரைக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. கண்ணாடி மாற்றலாம் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போய், அங்கேதான் தனக்குச் சுகர் என்று முதல்முறையாகத் தெரிந்துகொண்டவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர். 126, 200, 6.5 என்று சீட்டில் பார்க்கும் எண்களுக்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கெட்டுப்போன விழித்திரை இருக்கிறது. அதனால்தான் ‘பார்டர்தானே’ என்று தள்ளிவிடுவது எனக்கு உறுத்தும்.

கோடும் ஒரே இடத்தில் நின்றதில்லை. 1997 வரை வெறும் வயிற்றுச் சர்க்கரை 140ஐத் தொட்டால்தான் நீரிழிவு என்றார்கள். அந்த ஆண்டு அமெரிக்க நீரிழிவுக் கழகத்தின் வல்லுநர் குழு அதை 126 ஆகக் குறைத்தது. உலக சுகாதார நிறுவனமும் பின்னர் ஏற்றுக்கொண்டது. குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சோதனையில் 200ஐத் தொட்டு நீரிழிவு என்று பெயர் வாங்கிய பலருக்கு, வெறும் வயிற்றில் 140 வரவே இல்லை. இரண்டு சோதனைகளும் ஒரே நோயைச் சொல்ல வேண்டுமானால் ஒன்றை இறக்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறக்கிய பிறகும் இரண்டும் முழுதாக ஒத்துப்போகவில்லை என்பதுதான் நம் கதைக்கு முக்கியம்.

முதலில் வெறும் வயிற்றுச் சோதனை. ராத்திரி முழுக்க எதுவும் சாப்பிடவில்லை. ஆனாலும் காலையில் ரத்தத்தில் சர்க்கரை இருக்கிறது. கல்லீரல்தான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டிருக்கிறது. போதும் என்று கல்லீரலைக் கட்டுப்படுத்துவது இன்சுலின். அந்தக் கட்டுப்பாடு எப்படி இருக்கிறது என்பதை இந்தச் சோதனை காட்டும். ஒரு டெசிலிட்டர் ரத்த நீருக்கு 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் சரி, 100 முதல் 125 வரை பார்டர், 126உம் அதற்கு மேலும் நீரிழிவு. உலக சுகாதார நிறுவனம் பார்டரை 110இலிருந்து தொடங்குகிறது. ஒரு லேப் சீட்டில் ‘நார்மல் 70–100’ என்றும் இன்னொன்றில் ‘70–110’ என்றும் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

வெறும் வயிறு என்றால் குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் உள்ளே போயிருக்கக் கூடாது. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியுமுன் மல்லிகை மூட்டை இறக்குகிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். மூன்று மணிக்கு ஒரு பால் டீ குடித்தால்தான் அவருக்கு வேலை ஓடும். ஏழு மணிக்கு லேபுக்கு வந்து, ‘காலைல ஒண்ணும் சாப்பிடலைங்க’ என்பார். அவர் கணக்கில் அது உண்மை. டீ அவருக்குச் சாப்பாடு இல்லை. ஆனால் அந்தச் சோதனைக்கு அது சாப்பாடு. ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நாலு சுற்று வேகமாக நடந்துவிட்டு அப்படியே வந்து ரத்தம் கொடுப்பவர்களும் உண்டு. எழுந்ததும் நேராக வந்து, ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்து, பிறகு கொடுப்பதே நல்லது.

இதில் நோயாளிக்குத் தெரியாத இன்னொரு ஓட்டை இருக்கிறது. ஊசியில் எடுத்த ரத்தம் குழாய்க்குள் போன பிறகும் அதிலுள்ள அணுக்கள் உயிரோடுதான் இருக்கும். சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். சாதாரண அறை வெப்பத்தில் ஒரு மணி நேரத்துக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறையும். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு முகாமில் எடுத்த ரத்தத்தைப் பெட்டியில் போட்டு, பைக்கில் மதுரைக்குக் கொண்டுவந்து, இரண்டு மணி நேரம் கழித்து மெஷினில் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 130 என்று இருந்தது 115 ஆகி நிற்கும். நீரிழிவு உள்ள ஒருவர் வழியிலேயே பார்டர் ஆகிவிட்டார். இதைத் தடுக்கத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாயில் சோடியம் ஃபுளோரைடு வைக்கிறார்கள். அதுவும் வேலையைக் காட்ட ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். ஐஸில் வைப்பதும், அணுக்களைச் சீக்கிரம் சுழற்றிப் பிரிப்பதும்தான் உறுதியான வழி. ரத்தம் கொடுக்கும்போது, “இங்கேயே டெஸ்ட் பண்றீங்களா, வெளியே அனுப்புறீங்களா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை.

அடுத்து, சாப்பிட்டு எடுப்பது. அதிகக் குழப்பம் இதில்தான். ‘சாப்பிட்டு ரெண்டு மணி நேரம்’ என்ற பெயரில் இரண்டு வேறு சோதனைகள் நடமாடுகின்றன. ஒன்று, சித்தி எடுத்ததுபோல லேபுக்குப் பக்கத்துக் கடையில் டிபன் சாப்பிட்டுவிட்டு வந்து எடுப்பது. சீட்டில் இதைப் ‘பிபி’ (போஸ்ட் பிராண்டியல், அதாவது சாப்பிட்ட பிறகு) என்று போடுவார்கள். பெயரைப் பார்த்து ரத்த அழுத்தம் என்று நினைத்துக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். இந்தச் சோதனைக்கு நிலையான அளவு கிடையாது. சித்தி சாப்பிட்டது இரண்டு இட்லி. அதே இடத்தில் பூரி கிழங்கு சாப்பிட்டிருந்தால் வேறு எண் வந்திருக்கும். பயந்துபோய் ஒரே இட்லியோடு எழுந்திருந்தால் இன்னொரு எண். ஏற்கெனவே சுகர் உள்ளவருக்கு, தன் சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் உடம்பு எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க இது நல்ல சோதனை. சுகர் இருக்கிறதா என்று முதன்முதலாகத் தீர்மானிக்க இதை வைத்துக்கொள்ள முடியாது. சித்தியின் 168ஐப் பார்த்து ‘ஒன்றும் இல்லை’ என்று சொல்லவும் வழியில்லை, ‘இருக்கிறது’ என்று சொல்லவும் வழியில்லை.

மற்றது ஜிடிடி, அதாவது குளுக்கோஸ் டாலரன்ஸ் டெஸ்ட். இதில் எல்லோருக்கும் ஒரே அளவு: 75 கிராம் குளுக்கோஸ். டீக்கரண்டிக் கணக்கில் ஏறக்குறைய 15 கரண்டி. நம் ஊரில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடியில் நீர்ச்சத்தும் கட்டுண்டு இருப்பதால் 82.5 கிராம் எடுத்தால்தான் 75 கிராம் கணக்கு சரியாக வரும். வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் எடுத்துவிட்டு, இதை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஐந்து நிமிடத்துக்குள் குடிக்க வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் உட்கார்ந்த இடத்திலேயே இருக்க வேண்டும். கடைத்தெரு சுற்றக் கூடாது, பீடி சிகரெட் கூடாது, காபி கூடாது. இரண்டாவது மணி முடிவில் எடுத்த ரத்தத்தில் 140க்குக் கீழே என்றால் சரி, 140 முதல் 199 வரை பார்டர், 200உம் மேலும் நீரிழிவு.

இந்தச் சோதனையைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் மக்களுக்கு இது போதுமான அளவு செய்யப்படுவதில்லை என்பது என் ஆதங்கம். சாப்பிட்டதும் ரத்தத்தில் வெள்ளமாக வரும் சர்க்கரையைத் தசைகளுக்குள் அனுப்ப வேண்டும். அதற்கு இன்சுலின் உடனே, தாராளமாகச் சுரக்க வேண்டும். இந்த முதல் வேகம் தெற்காசியர்களில் பலருக்கு முதலில் குறைந்துபோகிறது. ராத்திரி நேரத்துக் கல்லீரல் கட்டுப்பாடு மட்டும் இன்னும் சில வருடம் தாக்குப்பிடிக்கும். அந்த நாட்களில் வெறும் வயிற்றுச் சோதனை மட்டும் எடுத்தால் ‘எல்லாம் நல்லாருக்கு’ என்றே சீட்டு வரும். எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஒரு பஸ் கண்டக்டர் அண்ணன் இருக்கிறார். அவருடைய அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் இருந்தது. இவர் வருடா வருடம் வெறும் வயிற்றில் மட்டும் எடுப்பார். 102, 104, 103 என்று வரும். ‘70–110’ என்று அச்சடித்த சீட்டில் அது நார்மல்தான். நிம்மதியாக ஒரு காபி குடித்துவிட்டு வீட்டுக்கு வருவார். கால் மரத்துப்போகிறது என்று போன இடத்தில் ஒரு டாக்டர் ஜிடிடி எடுக்கச் சொன்னார். இரண்டாவது மணியில் 228. வேறொரு நாளில் திரும்ப எடுத்ததில் 219. அத்தனை வருடமும் காலைச் சீட்டுகள் சொல்லாததை அந்த இரண்டு மணி நேரம் சொல்லியது.

செய்யாததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அரை நாள் போய்விடும். தித்திப்பு குமட்டும், சிலருக்கு வாந்தி வரும். இரண்டு முறை ஊசி. இன்றைக்கு எடுத்த எண்ணுக்கும் அடுத்த வாரம் எடுக்கும் எண்ணுக்கும் மற்ற சோதனைகளைவிட இதில் வித்தியாசமும் கூடுதல். நெருக்கடியான லேபில், ‘டிபன் சாப்ட்டு வாங்க’ என்று சொல்லிவிடுவது அவர்களுக்கும் சுலபம். ஆனாலும் பெற்றோருக்குச் சுகர் இருந்தவர்கள், இடுப்புச் சுற்றளவு ஏறிக்கொண்டே போகிறவர்கள், பிரசவ காலத்தில் சுகர் வந்துபோன பெண்கள், வெறும் வயிற்றில் 100க்கு மேல் நிற்கிறவர்கள், இவர்களெல்லாம் ஒரு காலை நேரத்தை இதற்குக் கொடுக்கலாம் என்பதே என் எண்ணம். பேலியோ மாதிரி உணவுமுறையில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சோற்றையும் இட்லியையும் பல நாள் விட்டுவிட்டுத் திடீரென்று 75 கிராம் குளுக்கோஸைக் குடித்தால், உடம்பு பழக்கம் விட்டுப்போய் எண் பொய்யாக ஏறும். சோதனைக்கு முந்தைய மூன்று நாள் வழக்கமான மாவுச்சத்துச் சாப்பாட்டை உண்டுவிட்டுத்தான் இதற்குப் போக வேண்டும்.

இனி மூணு மாச சுகர். சீட்டில் ஹெச்பிஏ1சி. ஜாங்கிரியைப் பாகில் போட்டு வைத்தால் என்ன ஆகும்? பாகு கெட்டியாக இருந்தால் நிறைய ஏறும். நெடுநேரம் ஊறினாலும் நிறைய ஏறும். ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினும் அப்படித்தான் சர்க்கரையில் ஊறிக்கொண்டிருக்கிறது. ஒட்டிய சர்க்கரை பிறகு விடாது. ஒரு சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் உயிரோடு இருக்கும். ஆகவே எத்தனை சதவீத ஹீமோகுளோபினில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி தெரியும். கடைசி ஒரு மாதத்தின் பங்குதான் அதில் பாதி. நீரிழிவு உள்ளவர்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் வேறு மாதிரி இருக்கிறது என்பதை 1960களின் இறுதியில் கவனித்தவர் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர். நோயைக் கண்டறியவே இதைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்கக் கழகம் 2010இலும் உலக சுகாதார நிறுவனம் 2011இலும் ஏற்றன. 5.7 முதல் 6.4 வரை பார்டர், 6.5உம் மேலும் நீரிழிவு. 6.5 என்றால் சராசரிச் சர்க்கரை சுமார் 140, 7 என்றால் சுமார் 154.

இதன் சௌகரியங்கள் பெரியவை. பட்டினி கிடக்க வேண்டாம். பூ மார்க்கெட் தொழிலாளி டீ குடித்துவிட்டே வரலாம். குழாயில் இரண்டு மணி நேரம் இருந்தாலும் எண் கரையாது. நேற்று கல்யாண வீட்டில் பாயசம் சாப்பிட்டது, டெஸ்டுக்காக இரண்டு நாள் வாயைக் கட்டியது எதுவும் இதை ஏமாற்றாது.

ஆனால் இந்தக் கணக்கு முழுதும் சிவப்பணுவுக்கு ஆயுள் 120 நாள் என்ற நம்பிக்கையில் நிற்கிறது. ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை வந்தால் புது அணுக்கள் உருவாவது குறைந்து, இருக்கும் அணுக்கள் கிழடுதட்டிச் சுற்றிக்கொண்டிருக்கும். ஜாங்கிரி கூடுதல் நேரம் பாகில் கிடக்கிறது. சர்க்கரை ஏறாமலே ஹெச்பிஏ1சி ஏறிவிடும். நேர்மாறாக, ரத்தப்போக்கு, ரத்தம் ஏற்றியது, அணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்கள், சிறுநீரகச் செயலிழப்புக்கு எடுக்கும் ஊசிகள், இரும்பு மாத்திரை ஆரம்பித்த முதல் சில வாரங்கள், இவற்றில் புது அணுக்கள் அதிகமாக இருக்கும். அப்போது எண் பொய்யாக இறங்கும். பிறவியிலேயே ஹீமோகுளோபின் மாறுபட்டு இருப்பவர்களுக்குச் சில மெஷின்கள் தப்பான எண்ணே கொடுக்கும்.

இது எங்கோ யாருக்கோ வரும் சங்கதி இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருந்தது. இரண்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தசோகை உள்ள ஊரில், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று பார்க்காமல் ஹெச்பிஏ1சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதுவது சரியில்லை. சித்தியின் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெளுத்துப்போயிருந்தது. பைக்குள் தேடினால் நான்காவதாக மடித்து வைத்திருந்த ஒரு சீட்டில் ஹீமோகுளோபின் 8.9. நாலைந்து வருடமாக மாதவிடாய்ப் போக்கு அதிகம், யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. 6.8 என்ற எண்ணைப் பார்த்தவர் யாரும் அந்த 8.9ஐப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

விரல்நுனி மெஷினைப் பற்றியும் ஒரு வார்த்தை. வீட்டில் இருக்கும் குளுக்கோமீட்டருக்கு, 100க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்ட உலகத் தர விதியே இடம் கொடுக்கிறது. அதாவது லேபில் 126 உள்ளவருக்கு அது 107 என்றும் காட்டலாம், 145 என்றும் காட்டலாம். நத்தம் மாம்பழத்தை நறுக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு மட்டும் குத்திப் பாருங்கள், அந்தப் பழச்சாறே எண்ணை எங்கேயோ தூக்கிவிடும். சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகே குத்த வேண்டும். மூடி திறந்து கிடந்த ஸ்ட்ரிப்பையும் வெயிலில் நின்ற ஸ்கூட்டர் பெட்டிக்குள் இருந்த ஸ்ட்ரிப்பையும் நம்பக் கூடாது. சிகிச்சையில் இருப்பவருக்கு இந்த மெஷின் பெரிய துணை. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டு வாசலுக்கு வந்து பார்ப்பதும் இதில்தான். சந்தேகத்துக்கு உரியவர்களைப் பிரித்தெடுக்க அது நல்ல வழி. அங்கே கூடுதலாக வந்தால் லேபில் உறுதிப்படுத்த வேண்டும், அவ்வளவுதான்.

சிறுநீர்ச் சோதனையைச் சோதனை என்று இப்போது யாரும் எடுப்பதில்லை. நீல நிற பெனடிக்ட் கரைசலில் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்பிரிட் விளக்கில் கொதிக்கவைத்து, பச்சையா மஞ்சளா செங்கல் நிறமா என்று பார்த்த காலம் ஒன்று இருந்தது. ரத்தத்தில் 180 அளவைத் தாண்டினால்தான் பெரும்பாலானோருக்குச் சிறுநீரில் சர்க்கரை இறங்கும். அதனால் நீலம் மாறவில்லை என்பதற்காக நோய் இல்லை என்று ஆகாது. இன்றைய சில சர்க்கரை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றியே வேலை செய்கின்றன. அதைச் சாப்பிடுகிறவர் சிறுநீரைச் சோதித்துப் பயப்பட வேண்டாம்.

இதெல்லாம் நிதானமாக யோசிக்க நேரம் இருப்பவர்களுக்கு. அடங்காத தாகம், ராத்திரியெல்லாம் சிறுநீர், காரணமில்லாமல் எடை குறைவு, இவற்றோடு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200 அல்லது அதற்கு மேல் வந்தால் வேறு சோதனைக்குக் காத்திருக்க வேண்டியதே இல்லை. அது நீரிழிவுதான். குழந்தைக்கோ இளம் பிள்ளைக்கோ இப்படி இருந்து, வாந்தியும் வயிற்று வலியும் வேக மூச்சும் சேர்ந்துவிட்டால், நாளைக்குக் காலையில் வெறும் வயிற்றில் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே பெரியாஸ்பத்திரிக்கோ அருகிலுள்ள பெரிய மருத்துவமனைக்கோ தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இன்சுலின் அறவே சுரக்காத வகை நீரிழிவில் இந்த நிலை ஒரே நாளில் உயிருக்கு உலை வைத்துவிடும்.

கர்ப்பிணிகளின் கணக்கு தனி. கர்ப்ப காலத்தில் சிவப்பணுக்களின் ஓட்டம் மாறிவிடுவதால் ஹெச்பிஏ1சி அங்கே உதவாது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விடியற்காலையில் பட்டினியோடு பஸ் ஏறி வா என்று வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் சொல்வதும் நியாயமில்லை. சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா முன்னின்று உருவாக்கிய டிப்சி முறை இதற்கு ஒரு தீர்வு. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே முறை பார்ப்பார்கள். 140உம் மேலும் வந்தால் கர்ப்பகால நீரிழிவு. மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: முதல் வருகையில் ஒருமுறை, 24 முதல் 28 வாரத்துக்குள் மறுமுறை. குடித்த அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்துவிட்டால் மறுநாள் திரும்பச் செய்ய வேண்டும். பிள்ளை பெற்ற ஆறு வாரத்தில் மறுபடி ஒரு ஜிடிடி எடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. நம் வீடுகளில் அது பெரும்பாலும் விட்டுப்போகிறது. குழந்தைக்குத் தடுப்பூசி போடும் தேதி யாருக்கும் மறப்பதில்லை, தாயின் இந்தச் சோதனை மறந்துபோகிறது. பத்து வருடம் கழித்து நிரந்தரச் சுகரோடு வருகிற பெண்களில் பலர் இந்த வாசலில் தவறவிடப்பட்டவர்கள்தாம்.

சரி, எண்கள் ஒன்றோடொன்று முரண்பட்டால்? அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு சீட்டை வைத்து நீரிழிவு என்று சொல்லக் கூடாது என்பது விதி. இரண்டு முறை கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். ஒரே நாளில் எடுத்த ரத்தத்தில் வெறும் வயிறு 126க்கு மேல், ஹெச்பிஏ1சியும் 6.5க்கு மேல் என்றால் அதுவே இரண்டு சாட்சி, போதும். ஒன்று தாண்டி, ஒன்று தாண்டாவிட்டால், தாண்டியதை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். அந்தச் சோதனையையே சந்தேகிக்கக் காரணம் இருந்தால் அதை விட்டுவிட்டு நேரடியாகச் சர்க்கரையை அளக்கும் சோதனைக்குப் போக வேண்டும். காய்ச்சல் அடிக்கும்போதோ, ஆஸ்துமாவுக்கோ மூட்டு வலிக்கோ ஸ்டீராய்டு எடுக்கும்போதோ வந்த எண்ணை வைத்து ஆயுளுக்கும் முத்திரை குத்த வேண்டாம். உடம்பு தேறியபின் திரும்பப் பார்க்கலாம். ஜிடிடியில் இரண்டு மணி நேரம்கூடக் காத்திருக்காமல் ஒரு மணி நேரத்திலேயே எடுக்கலாம் என்று 2024இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு பரிந்துரைத்திருக்கிறது: 155 வந்தால் பார்டர், 209 வந்தால் நீரிழிவு. நம் ஊர் லேப்களுக்கு இது வந்துசேர்ந்தால் கண்டக்டர் அண்ணன் மாதிரி ஆட்களை முன்கூட்டியே பிடித்துவிடலாம்.

சித்திக்கு இரண்டு வேலை இருந்தது. ஒன்று, ரத்தசோகைக்கு வைத்தியம். இன்னொன்று, ஜிடிடி. ஒரு வெள்ளிக்கிழமை காலை கூடவே போனேன். குளுக்கோஸ் தண்ணியில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்துகொடுத்தார்கள்; முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தார். இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, தன் ஆறு பேரன் பேத்தி கதையையும் சொல்லி முடித்தார். வெறும் வயிற்றில் 109. இரண்டாவது மணியில் 186. பார்டர் என்று இப்போதுதான் தைரியமாகச் சொல்ல முடிந்தது. அதுவும் கோட்டுக்கு ரொம்பப் பக்கத்தில் நிற்கும் பார்டர். டாக்டர் சுகர் மாத்திரை எழுதவில்லை. இரும்பு மாத்திரை எழுதினார், அதிகப் போக்குக்குக் காரணமான கர்ப்பப்பைக் கட்டிக்கு மகளிர் மருத்துவரிடம் அனுப்பினார், காலையும் மாலையும் அரை மணி நடக்கச் சொன்னார், ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கச் சொன்னார். ஆறு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 11.8. அப்போது எடுத்த ஹெச்பிஏ1சி 6.1.

அந்தச் சீட்டையும் மஞ்சள் பையில் மற்ற சீட்டுகளோடு வைத்திருக்கிறார். ஒவ்வொன்றின் பின்னாலும் ‘சாப்பிடாமல்’, ‘ரெண்டு இட்லி’, ‘குளுக்கோஸ் குடித்து’, ‘ரத்தம் கம்மியாக இருந்தபோது’ என்று பேத்தியை விட்டு எழுதி வாங்கியிருக்கிறார். அடுத்த ஜிடிடி வருகிற சித்திரையில். அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த மறுவாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.